அதே இடம்

முதல் முறை வந்தபோது எல்லாரும் சிரித்தார்கள்.
"யார் குளிக்கிறத எட்டிப் பாத்தீங்க?" என்றான்
லாரி ஓட்டும் குணாளன்.
ஹஸ்னாவும் அதையேதான் மலாயில் கேட்டாள்.
கண்கட்டிக்கு
இரண்டு மொழியிலும் ஒரே குற்றம்.

நாமக்கட்டி உரைத்துப் பூசினேன்.
வெந்நீரில் துணி நனைத்து வைத்தேன்.
பகாவ் பஸ் நிலையத்துக்கு எதிர்க் கிளினிக்கில்
முப்பத்தைந்து ரிங்கிட், ஒரு களிம்பு.
அமுங்கியது.

பிறகு வந்தது.
கீறினார்கள். சீழ் இல்லை,
மஞ்சளாய் ஏதோ, சோற்றுப் பருக்கை அளவு.
பஞ்சில் துடைத்துக் குப்பையில் போட்டதை
மற்றக் கண்ணால் நானே பார்த்தேன்.

பிறகும் வந்தது.

இருபத்திரண்டு வருடமாய் மில்லின் எடைமேடையில் உட்கார்ந்திருக்கிறேன்.
செம்பனைக் குலையோடு லாரி ஏறும்போதே தெரியும்,
மேலே சிவப்பு, அடியில் கருங்காய் என்று.
தண்ணீர் அடித்து எடை கூட்டியவன்
என் ஜன்னல் பக்கம் திரும்ப மாட்டான்.
ஒரு முறை குலைகளுக்கு நடுவே மணல் மூட்டை.
இறக்கச் சொன்னேன்.
மில் முழுக்க எனக்கு 'ஸ்கேனர்' என்று பேர்.

அந்த ஸ்கேனருக்கு மேல்தான்
அரை அங்குல இடத்தில் ஒன்று உட்கார்ந்து
கண்கட்டியாய்ச் சிவந்தது, தூசியாய் உறுத்தியது,
இமை ஓரப் பொடுகு என்று பொருக்குத் தட்டியது.
ஒவ்வொரு தடவையும் வேறு சீட்டு.
நானும் சாப் வைத்து உள்ளே விட்டேன்,
பதினான்கு மாதம்.

சிரம்பானில் டாக்டர் இயோ உடனே மருந்து எழுதவில்லை.
விளக்கைக் கிட்டே கொண்டுவந்து கேட்டாள்:
"இங்கே முடி எப்போது உதிர்ந்தது?"

முடியா?
தினம் கண்ணாடி பார்த்து மை தீட்டுகிறவள் நான்.
ரீப்ளாண்டிங்குக்கு வெட்டிப் போட்ட சரிவு மாதிரி
அங்கே மட்டும் மொட்டை.
மை அதன் மேலேயே போய்வந்திருக்கிறது.

"எத்தனை முறை வந்தது?"
"மூன்று."
"வேறு வேறு இடமா?"
"அதே இடம்."
பேனாவைக் கீழே வைத்தாள்.

இந்த முறை பஞ்சு இல்லை, குப்பி.
என் பேர், அப்பா பேர், ஐசி எண், வலது மேல் இமை.
மூடி திருகும் சத்தம் கேட்டு
ஏனோ நன்றி சொன்னேன்.

பதினோராம் நாள் முடிவு வந்தது.
நான் முகம் பார்த்திராத யாரோ
நுண்ணோக்கியில் குனிந்து எழுதியிருந்தார்:
இமையின் எண்ணெய்ச் சுரப்பியில் புற்று.
எண்ணெய்!
சிரித்துவிட்டேன். நர்ஸ் தண்ணீர் கொடுத்தாள்.

எதுவரை போயிருக்கிறது என்று எல்லை பிடிக்க
கண்ணின் வெள்ளையில் எள்ளளவு எள்ளளவாய்க் கிள்ளி
பத்துக் குப்பி.
ஒன்பது சுத்தம். ஒன்றை உறையவைத்துக் கொன்றார்கள்.
மேல் இமையை வெட்டி
கீழ் இமையிலிருந்து சதை இழுத்து அங்கே தைத்தார்கள்.
ஏழு வாரம் கதவு சாத்தியே கிடந்தது.
கண்ணை இமை காப்பது போல என்று
எதற்கெல்லாம் சொல்கிறோம்.
இமையிடமிருந்து கண்ணைக் காக்க
ஒருத்தரும் ஒரு பழமொழி வைத்துவிட்டுப் போகவில்லை.

அந்த ஏழு வாரமும் வீட்டுக்காரர்
என் வலப்பக்கமாகவே நடந்தார்.
காரணம் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.

இப்போது திறந்திருக்கிறது.
முடியில்லாத இமை, கொஞ்சம் தாமதமாய் மூடும்.
மூன்று மாதத்துக்கொரு முறை சிரம்பான்;
டாக்டர் இயோ காதோரமும் கழுத்தும் தடவிப் பார்த்து
தலையசைக்கும்வரை மூச்சு விடமாட்டேன்.

பழைய கிளினிக்குக்கும் போனேன். சண்டைக்கு இல்லை.
முடிவின் ஜெராக்ஸைக் கொடுத்தேன்.
இரண்டு தடவை படித்தார்.
பிறகு மேசைக்கடியில் இருந்த குப்பைக் கூடையைப் பார்த்தார்.

இன்று காலை குணாளனின் லாரி மேடை ஏறியது.
சிரிக்கவில்லை அவன்.
குலையெல்லாம் நல்ல சிவப்பு, மேலே.

"இறக்கு" என்றேன்.